விண்டோஸ் அடிக்கத்தான் வேண்டுமா? மூலையில் எழும்பும் பெட்டிகளும் திறக்காத இணையமும்

கல்லடி டீச்சர் · ஞாயிறு, இரவு 8.40

வணக்கம். நான் தரம் 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். கணினி என் பாடமல்ல, பிழையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னர் கடந்தகால வினாத்தாள் தேடி ஓர் இணையத்தளத்துக்குப் போனேன். "நீங்கள் ரோபோ அல்ல என்று காட்ட 'அலவ்' என்பதை அழுத்துங்கள்" என்று வந்தது. அழுத்தினேன். வினாத்தாள் வரவில்லை. அன்றிலிருந்து திரையின் வலப்பக்கக் கீழ் மூலையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு பெட்டிகள் எழும்புகின்றன. 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்', 'அண்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது', இடையிடையே எழுதக் கூசும் படங்கள். வகுப்பில் புரொஜெக்டர் போட்டு ஒளித்தொகுப்பு படிப்பித்துக்கொண்டிருந்தபோது அப்படி ஒன்று சுவரில் வந்து நின்றது. நாற்பது பிள்ளைகள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை தங்கையின் மகன் வந்து, துப்புரவாக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கி ஓட்டிவிட்டு, "எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், பெரியம்மா" என்றான். பெட்டிகள் நின்றன. ஆனால் அன்றிரவு முதல் மடிக்கணினியில் ஒரு பக்கமும் திறப்பதில்லை. வைபை இணைந்திருப்பதாகக் காட்டுகிறது. அதே வைபையில் என் கைத்தொலைபேசி ஒழுங்காக வேலை செய்கிறது.

நகரத்தில் ஒரு கடையில் கேட்டேன். "ரீசெட் செய்து விண்டோஸ் அடிக்க வேண்டும், 2,500 ரூபா, மூன்று நாள்" என்றார்கள். அடிப்பதென்றால் விண்டோஸைப் புதிதாகப் போடுவதாம். தவணைப் பரீட்சைத் தாள்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அடிக்கத்தான் வேண்டுமா?

ஏறாவூர்ப் பொடியன் · ஞாயிறு, இரவு 8.52

அடியுங்கள் டீச்சர். அரை மணித்தியால வேலை. புதிதுபோல ஓடும்.

மண்முனைத் துறை · ஞாயிறு, இரவு 9.31

டீச்சர், நாளை வரையாவது கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் பல வருடமாகக் கணினி திருத்துகிறவன் நான். விண்டோஸ் அடிக்க வேண்டும் என்று என்னிடம் வருகிறவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவைப்படுவதில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது. (தம்பி ஏறாவூர், அரை மணித்தியாலம் விண்டோஸுக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு பிரிண்டர், எழுத்துரு, கடவுச்சொல் என்று டீச்சர் படப்போகிற ஒரு கிழமையை யார் கணக்கில் எழுதுவது?)

முதலில் ஒன்று. ரீசெட் என்ற ஒரே சொல்லை நான்கு வேலைகளுக்குச் சொல்கிறார்கள். இணையம் பார்க்கும் குரோமை ரீசெட் செய்வது ஒன்று. விண்டோஸின் வலையமைப்பை மட்டும் ரீசெட் செய்வது இன்னொன்று. முழு விண்டோஸையும் ரீசெட் செய்வது மூன்றாவது. வீட்டுக்கு வைபை தரும் ரவுட்டரை ரீசெட் செய்வது நான்காவது. நான்கும் அழிப்பது வேறு வேறு. கடையில் சொன்னது மூன்றாவது. எதை என்று கேட்காமல் தலையாட்ட வேண்டாம்.

இப்போது எனக்குச் சில விபரங்கள் வேண்டும். பக்கம் திறக்காதபோது குரோம் திரையில் என்ன எழுதியிருக்கிறது? ஒரு சொல் விடாமல் பார்த்து எழுதுங்கள். அந்த மூலைப் பெட்டிகளில் செய்திக்கு அருகில் சின்ன எழுத்தில் ஓர் இணையத்தளத்தின் பெயர் இருந்ததா? கணினியின் திகதியும் நேரமும் சரிதானா? பெறாமகன் அழித்த சாமான் என்னவென்று கேட்க முடியுமா?

கல்லடி டீச்சர் · ஞாயிறு, இரவு 10.05

நன்றி தம்பி. திகதி, நேரம் சரி. பெட்டிகளில் குரோம் என்ற பெயரும் அதற்குப் பக்கத்தில் வாயில் நுழையாத ஒரு முகவரியும் இருந்தன. ஒவ்வொரு தடவையும் வேறு முகவரி. குரோம் திரையில் இருப்பது இது: "இணையம் இல்லை. புரொக்சி சேவரில் ஏதோ கோளாறு இருக்கிறது, அல்லது அதன் முகவரி பிழை." பெறாமகனைக் கேட்டேன். அழித்தவற்றில் ஒன்று வீடியோ இறக்கும் மென்பொருளாம். அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது என்கிறான். எனக்கும் தெரியாது. என் வீட்டில் வேறு யாரும் இல்லை.

மண்முனைத் துறை · ஞாயிறு, இரவு 10.48

"புரொக்சி" என்ற அந்தச் சொல்லில் உங்கள் 2,500 ரூபா தப்பிவிட்டது.

மண்முனைப் பாலம் 2014இல் திறந்தார்கள். அதற்கு முன்னர் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து எங்கள் ஆட்கள் மட்டக்களப்பு வாவியைப் பாதையில்தான் கடந்தார்கள். நானும் கணினிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எத்தனையோ தடவை அதில் நின்றிருக்கிறேன். (வெளியூர் வாசகர்களுக்கு: இங்கே பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவை.) புரொக்சியும் அப்படி ஒரு பாதைதான். நேரே போகாமல் என் பாதையில் ஏறி வா என்று விண்டோஸில் ஓர் அறிவித்தல் பலகை நட்டுவிட்டால், குரோம், எட்ஜ் எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். பெரிய நிறுவனங்களில் காரணத்தோடு நடுவார்கள். உங்கள் வீட்டில் நட்டது அந்த வீடியோ மென்பொருளாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் போகிற பக்கங்கள் தன் கையால் போக வேண்டும், இடையில் விளம்பரம் செருக வேண்டும் என்பதற்காக.

பெறாமகன் ஓட்டிய துப்புரவாளர் பாதைக்காரனைத் துரத்திவிட்டது. பலகை அப்படியே நிற்கிறது. குரோம் கரையில் வந்து நின்று, வராத பாதைக்காகக் காத்திருக்கிறது. பக்கத்திலேயே பாலம் இருக்கிறது, அது பார்ப்பதில்லை.

கைத்தொலைபேசி வேலை செய்வதற்கும் காரணம் இதுதான். பலகை மடிக்கணினிக்குள் நிற்கிறது, ரவுட்டரில் அல்ல. பெட்டிகள் நின்றதைத் துப்புரவாளரின் திறமை என்று எண்ண வேண்டாம். அவை இணையம் வழியாக வருபவை. இணையம் இல்லாததால் வரவில்லை. இணையம் திரும்பியதும் அவையும் திரும்பும்.

நாளை செய்ய வேண்டியது: விண்டோஸ் செட்டிங்ஸில் 'நெட்வேர்க் அண்ட் இன்டர்நெட்', அதில் இடப்பக்கம் கடைசியாக 'புரொக்சி'. அந்தப் பக்கத்தின் கீழே, 'யூஸ் எ புரொக்சி சேவர்' என்பது ஒன் என்று இருக்கும். முகவரிக் கட்டத்தில் 127.0.0.1 என்று இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அந்த எண் வெளியூர் முகவரி அல்ல, 'நானே' என்று கணினி தன்னைச் சுட்டுகிற எண். அதை ஓஃப் செய்து சேமியுங்கள். மேலே 'செட்டப் ஸ்கிரிப்ட்' என்பதும் ஒன் என்று இருந்தால் அதையும் ஓஃப் செய்யுங்கள்.

அடுத்தது பெட்டிகள். நீங்கள் 'அலவ்' அழுத்தியபோது நிரூபித்தது ஒன்றுமில்லை. 'எனக்கு எப்போது வேண்டுமானாலும் அறிவித்தல் அனுப்பலாம்' என்று அந்தத் தளத்துக்கு ஒப்பமிட்டுக் கொடுத்தீர்கள். அது வைரஸ் அல்ல, அனுமதி. அதனால்தான் அண்டிவைரஸ் அதைப் பார்த்துப் பேசாமல் இருக்கிறது. குரோம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிபிகேஷன்ஸ்'. அனுமதி பெற்றவர்களின் பட்டியல் அங்கே இருக்கும். உங்களுக்குத் தெரியாத ஒவ்வொன்றையும் மூன்று புள்ளியைத் தொட்டு நீக்குங்கள். அதே பக்கத்தில், இனிமேல் எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்ற தெரிவும் இருக்கிறது. அதையும் போட்டுவிடுங்கள்.

சம்மாந்துறை வயல்காரன் · திங்கள், காலை 6.20

அண்ணனுடைய பாதைக் கதை அருமை. ஆனால் இவ்வளவு தேடுவானேன்? அதே 'நெட்வேர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதியில் 'நெட்வேர்க் ரீசெட்' என்று ஒன்று இருக்கிறதே. ஒரு பொத்தான், ஐந்து நிமிடத்தில் தானே மூடித் திறக்கும், முடிந்தது. நாங்கள் ஆலையில் அப்படித்தான் செய்கிறோம்.

மண்முனைத் துறை · திங்கள், காலை 7.02

காக்கா, அது என்ன செய்கிறது என்று பார்த்தீர்களா? வலையமைப்பு அட்டைகளின் மென்பொருளைக் கழற்றி மீண்டும் போடுகிறது. சேமித்த வைபை கடவுச்சொற்கள் எல்லாம் மறந்துபோகும். வீபீஎன் (இணையத்துக்குள் போடும் தனி மறைவழி) இருந்தால் திரும்ப அமைக்க வேண்டும். வைபை அட்டையே குழம்பிப்போன கணினிக்கு அது நல்ல மருந்து. ஆனால் நான் பார்த்த இரண்டு கணினிகளில் நெட்வேர்க் ரீசெட் முடிந்த பிறகும் புரொக்சிப் பலகை அசையாமல் நின்றது. டீச்சருக்கும் அப்படியானால் கடவுச்சொல்லும் போய், இணையமும் வராமல் இருப்பார்.

சம்மாந்துறை வயல்காரன் · திங்கள், காலை 7.40

கடவுச்சொல் விடயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். போன சிறுபோக அறுவடை நேரம் ஆலைக் கந்தோரில் நான் அந்தப் பொத்தானை அழுத்தினேன். வைபை கடவுச்சொல் போட்டுத் தந்தவர் கட்டாருக்குப் போய்விட்டார். வெளியே நெல் மூட்டையோடு பத்து உழவு இயந்திரம் வரிசையில் நிற்கிறது, பற்றுச்சீட்டு அடிக்கும் பிரிண்டர் வைபையில். கடைசியில் கார்பன் தாள் வாங்கி வந்து கையால் எழுதினோம். வாப்பா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அழுத்துவதற்கு முன்னர் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வையுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

அக்கரைப்பற்று ராத்தா · திங்கள், காலை 9.15

மூன்றாவது ரீசெட்டைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. எனக்குக் கொமியூனிகேஷன் கடை. போட்டோ பிரதி, தட்டச்சு, கல்யாணக் கார்ட். போன வருடம் இதே பெட்டித் தொல்லைக்கு ஒருவர் 'கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கும்' என்று சொல்லி விண்டோஸை ரீசெட் செய்து தந்தார். அவர் பொய் சொல்லவில்லை. 'கீப் மை பைல்ஸ்' என்ற தெரிவில் கோப்புகள் இருக்கத்தான் செய்யும். ஆனால் நாம் போட்ட மென்பொருள் எதுவும் மிஞ்சாது. வந்து திறந்து பார்க்கிறேன், பாமினி எழுத்துருவும் இல்லை.

பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய எழுத்துரு. அதில் அடித்தவர்களுக்குத் தெரியும். எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் சின்ன ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். மெய்யெழுத்தின் புள்ளி எல்லாம் அரைப்புள்ளியாகிவிடும். எட்டு வருட மனுக்கள், உறுதிகள், அழைப்பிதழ்கள் எல்லாம் அரைப்புள்ளி மழை. எழுத்துருவைத் திரும்பப் போட்டதும் சரியாகிவிட்டது, ஆனால் அந்த எழுத்துருவைத் தேடி நான் போன தளத்தில் மறுபடியும் 'அலவ்' கேட்டது! அழுத்தவில்லை.

டீச்சருடைய வினாத்தாள்களும் பாமினியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கல்லடி டீச்சர் · திங்கள், மாலை 4.35

பாமினிதான், ராத்தா. படித்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது. முதல் வேலையாக எல்லாவற்றையும், எழுத்துருவோடு சேர்த்து, பென்டிரைவில் பிரதி எடுத்தேன்.

பாடசாலை விட்டு வந்து உட்கார்ந்தேன். புரொக்சிப் பக்கத்தில் தம்பி சொன்ன அதே 127.0.0.1. பந்தயத்தில் வென்றுவிட்டீர்கள். ஓஃப் செய்தேன். பக்கம் திறந்தது! திறந்து அரை நிமிடம் இருக்காது, மூலையில் ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு என்று மூன்று நாளாகத் தேங்கியிருந்த பெட்டிகள் எல்லாம் வாய்க்கால் கதவு திறந்ததுபோல வந்தன. அறிவித்தல் பட்டியலில் 23 முகவரிகள். நான் ஒரு தடவைதான் 'அலவ்' அழுத்தினேன், அது எப்படி 23 ஆயிற்று?

எல்லாவற்றையும் நீக்கினேன். பெட்டிகள் நின்றன. எழும்பித் தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன். கணினியை மூடித் திறந்தேன். மீண்டும் இணையம் இல்லை. புரொக்சி தானாக ஒன் ஆகியிருக்கிறது.

மண்முனைத் துறை · திங்கள், மாலை 5.50

23 ஆனது இப்படி: அந்த மாதிரித் தளம் உங்களை இன்னொரு முகவரிக்குத் தள்ளும், அங்கேயும் 'ரோபோ அல்ல' என்று கேட்கும். வினாத்தாள் வரவில்லையே என்று நீங்கள் மீண்டும் அழுத்தியிருப்பீர்கள். நினைவில்லாமல் இருப்பது இயல்பு. பெட்டிகளைத் தொட்டாலும் அதே சங்கிலிதான்.

புரொக்சி திரும்பி வருகிறதென்றால் துரத்தியது பாதைக்காரனை மட்டும். பலகை நடுகிறவன் வீட்டுக்குள் எங்கோ இருக்கிறான். கணினி திறக்கும்போதெல்லாம் எழும்பிப் பலகையை நட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறான். இரண்டு இடங்களில் பாருங்கள். டாஸ்க் மனேஜரில் 'ஸ்டார்ட்டப்' பக்கம் ஒன்று. தேடல் கட்டத்தில் 'டாஸ்க் ஷெடியூலர்' என்று தேடினால் வரும் பட்டியல் இன்னொன்று. அதில் 'லொக் ஒன்' நேரத்தில், அதாவது நீங்கள் கணினிக்குள் நுழையும்போது, ஓடுகிறவற்றில், அர்த்தமில்லாத எழுத்துக் கோவையைப் பெயராக வைத்துக்கொண்டு, 'ஆப்டேட்டா' கோப்புறையிலிருந்து எதையாவது ஓட்டுகிற ஒன்று இருக்கிறதா? அந்தக் கோப்புறை சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாதபடி மறைந்திருக்கும், அதில் எழுத நிர்வாகியின் அனுமதியும் தேவையில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு வசதியான குடியிருப்பு. கண்டவுடன் அழிக்க வேண்டாம். 'டிசேபிள்' செய்துவிட்டு, பெயரை எனக்கு எழுதுங்கள்.

இன்னொன்று. குரோமின் மூன்று புள்ளிப் பட்டியலில் ஆகக் கீழே 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறதா? சொந்த மடிக்கணினியில் அந்த வரிக்கு வேலை இல்லை. இருந்தால், யாரோ உங்கள் குரோமுக்கு மேலதிகாரியாக உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

களுதாவளை வெற்றிலை · திங்கள், மாலை 6.30

டீஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக்குவது) மாறியிருக்குமோ? கூகுளின் 8.8.8.8 போட்டுப் பாருங்கள். எனக்கு அதுதான் எப்போதும் கைகொடுக்கும்.

மண்முனைத் துறை · திங்கள், மாலை 7.15

டீஎன்எஸ் பிழையென்றால் குரோம் வேறு வசனம் சொல்லியிருக்கும் தம்பி. இங்கே அது வாய்விட்டுப் புரொக்சி என்று சொல்கிறது. ஆனால் நீங்கள் கேட்டது வீண்போகவில்லை, இதே கதை உலக அளவில் ஒருமுறை நடந்திருக்கிறது.

டீஎன்எஸ் சேஞ்சர் என்று ஒரு நச்சு மென்பொருள். இணையத்தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவரை, தங்களுடையதாக மாற்றி வைத்தது. சுமார் 40 இலட்சம் கணினிகள். 2011 நவம்பரில் எஸ்தோனியாவில் ஆட்களைப் பிடித்தார்கள். அந்த சேவர்களை உடனே நிறுத்தியிருந்தால் அத்தனை கணினிகளுக்கும் இணையம் போயிருக்கும், ஏனென்றால் பலகை ஒவ்வொரு வீட்டிலும் நிற்கிறது. ஆகவே அமெரிக்க நீதிமன்ற அனுமதியோடு அதே இடத்தில் நல்ல சேவர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். பாதைக்காரனைப் பிடித்துக்கொண்டுபோன பொலிஸ், சனங்கள் கரையில் நிற்கக் கூடாதென்று தாங்களே பாதை தள்ளியதுபோல. டீச்சருடைய பெறாமகனுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

கல்லடி டீச்சர் · திங்கள், இரவு 9.20

கண்டுபிடித்தேன். அந்தப் பட்டியலில் 'அப்டேட்டர்' என்ற சொல்லும் அதன் பின்னால் பன்னிரண்டு எழுத்து எண் கலவையும். ஆப்டேட்டாவிலிருந்துதான் ஓடுகிறது. உருவாக்கிய திகதி, நான் வினாத்தாள் தேடிய அதே நாள், 11 நிமிடம் கழித்து. ஒரு விஞ்ஞான ஆசிரியைக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

டிசேபிள் செய்தேன். மூடித் திறந்தேன். புரொக்சி ஓஃப் ஆகவே இருக்கிறது. நீங்கள் சொன்ன 'நிர்வகிக்கப்படுகிறது' வரி என் குரோமில் இல்லை.

மண்முனைத் துறை · திங்கள், இரவு 9.41

இப்போது அழிக்கலாம். பிறகு 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் வைரஸ் பகுதியில், ஸ்கேன் தெரிவுகளுக்குள் 'ஒப்லைன் ஸ்கேன்' என்று ஒன்று இருக்கும். விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்னரே ஓடுவது, அதனால் ஒளிந்திருப்பவனுக்குத் தப்ப நேரமிருக்காது. கால் மணித்தியாலமளவு எடுக்கும். மின்சாரத்தில் இணைத்துவிட்டு ஓட்டுங்கள்.

கடைசியாக, இப்போதுதான், முதலாவது ரீசெட். குரோம் செட்டிங்ஸில் 'ரீசெட் செட்டிங்ஸ்'. தேடுபொறி, முகப்புப் பக்கம் எல்லாம் பழையபடி ஆகும். எக்ஸ்டென்ஷன்கள் (குரோமில் ஒட்டிக்கொள்ளும் சின்ன மென்பொருள்கள்) முடக்கப்படும், குக்கிகள் (தளங்கள் உங்களை அடையாளம் காண வைக்கும் குறிப்புகள்) போகும், ஆகவே மின்னஞ்சலுக்குத் திரும்ப உள்நுழைய வேண்டிவரும். புக்மார்க், சேமித்த கடவுச்சொல், பார்த்த பக்கங்களின் பட்டியல் அப்படியே இருக்கும். இதை முதலிலேயே சொல்லாததற்குக் காரணம், குரோம் தனக்கென்று புரொக்சி வைத்திருப்பதில்லை, விண்டோஸில் இருப்பதைத்தான் எடுக்கும். பலகை நிற்கும்போது குரோமை எத்தனை தடவை ரீசெட் செய்தாலும் அதே கரைதான்.

அதற்குப் பிறகு முடக்கிய எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதற்கென்று சொல்லத் தெரியாதவற்றை நீக்குங்கள்.

ஏறாவூர்ப் பொடியன் · திங்கள், இரவு 10.10

இந்த நேரத்துக்கு நான் மூன்று தடவை விண்டோஸ் அடித்திருப்பேன் அண்ணா.

அக்கரைப்பற்று ராத்தா · திங்கள், இரவு 10.14

அடித்திருப்பீர்கள் தம்பி. பாமினியை யார் தேடித் தருவது?

சம்மாந்துறை வயல்காரன் · செவ்வாய், காலை 6.05

இந்த இடத்தில் ஒரு கேள்வி. டீச்சருடையது விண்டோஸ் 10 என்றால், 2025 ஒக்டோபர் 14 உடன் மைக்ரோசொப்ட் அதற்கான இலவச ஆதரவை நிறுத்திவிட்டதே. எப்படியும் 11 அடிக்கத்தானே வேண்டும்?

மண்முனைத் துறை · செவ்வாய், காலை 6.50

அது வேறு வழக்கு காக்கா. நீட்டித்த பாதுகாப்புத் திட்டமொன்றில் பதிந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும் என்று அறிவித்தார்கள். 11க்கு மாறுவது நல்லதுதான், கணினி இடங்கொடுத்தால். ஆனால் தவணைப் பரீட்சை வாரத்தில், பெட்டிக்குப் பயந்து, கடையில் கொடுத்து மாற வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். மாறும்போதும் வட்டுக்கு மறைகுறியாக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் அதன் பெயர் பிட்லொக்கர். அது போட்டிருக்கும் கணினி, சில வேளைகளில் நடுவழியில் நின்று 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும், கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்று நான் கேட்கமாட்டேன்.

விண்டோஸை இணையத்திலிருந்து இறக்கிப் போடும் 'க்ளவுட் டவுன்லோட்' முறையில் ரீசெட் செய்தால் 4 ஜீபிக்கு மேல் டேட்டா போகும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

கல்லடி டீச்சர் · புதன், இரவு 8.15

இரண்டு நாளாக ஒரு பெட்டி இல்லை. இன்று வகுப்பில் திரும்பவும் புரொஜெக்டர் போட்டேன். பின் வாங்கில் இருக்கும் ஒருவன் "டீச்சர், இன்றைக்கு விளம்பரம் இல்லையா?" என்றான். வெளியே நிற்கவிட்டேன்.

ஆனால் பின்னேரம் மழை தொடங்கியதிலிருந்து இணையம் வந்து வந்து போகிறது. மடிக்கணினியில் மட்டுமல்ல, தொலைபேசியிலும். ஒளிந்திருந்தவன் ரவுட்டருக்குள் போய்விட்டானா? ரவுட்டரின் பின்னால் ரீசெட் என்று எழுதிய ஊசித் துவாரம் இருக்கிறதே, அழுத்தட்டுமா?

களுதாவளை வெற்றிலை · புதன், இரவு 8.19

வேண்டாம்!! வேண்டாம் டீச்சர். நான் அழுத்தினேன், ஒரு குண்டூசியால், பத்து விநாடி. தொலைபேசி நிறுவனம் கொடுத்த பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்துவிட்டன. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவர்களுடைய இலக்கத்துக்கு எடுத்து, பாட்டுக் கேட்டு, பாட்டுக் கேட்டு, நான்கு நாள் இணையம் இல்லை. மூடித் திறப்பது வேறு, ரீசெட் வேறு.

மண்முனைத் துறை · புதன், இரவு 8.44

வெற்றிலைத் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. மூடித் திறப்பதென்றால் மின்சாரத்தைக் கழற்றி அரை நிமிடம் கழித்துக் கொடுப்பது. ஒன்றும் அழியாது. ஊசித் துவாரம் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோகும்.

டீச்சர், தொலைபேசியிலும் போகிறதென்றால் மடிக்கணினி குற்றவாளி அல்ல. மழையோடு சேர்ந்து வருகிறதென்றால் கம்பி. உங்களுடையது செப்புக் கம்பி இணைப்பா? ரவுட்டரில் 'டீஎஸ்எல்' என்ற விளக்கு இணையம் போகும்போது சிமிட்டுகிறதா?

கல்லடி டீச்சர் · புதன், இரவு 8.58

சிமிட்டுகிறது. இப்போதும்.

மண்முனைத் துறை · புதன், இரவு 9.10

அப்படியானால் வீட்டுக்கு வெளியே சுவரில், தூணிலிருந்து வரும் கம்பி முடிகிற சின்னப் பெட்டி. கல்லடியில் கடற்காற்று பட்ட செப்பு ஒரு வருடம் தாங்கினாலே புண்ணியம். மழை ஓய்ந்த பிறகு, பகலில், மூடியைத் திறந்து பார்க்க மட்டும் செய்யுங்கள். கையால் தொட வேண்டாம். இடி மின்னல் என்றால் கிட்டப் போகவே வேண்டாம், ரவுட்டரின் மின்சாரத்தையும் தொலைபேசிக் கம்பியையும் இரண்டையும் கழற்றி வையுங்கள். மின்சாரத்தை மட்டும் கழற்றுகிறவர்களின் ரவுட்டர்தான் ஐப்பசியில் என் மேசைக்கு வருகிறது. மின்னல் தொலைபேசிக் கம்பியாலும் வரும்.

கல்லடி டீச்சர் · சனி, முற்பகல் 11.30

திறந்து பார்த்தேன். இரண்டு கம்பிகளில் ஒன்றின் நுனி மயில்துத்தம்போலப் பச்சை நீலமாகப் பூத்திருக்கிறது. பக்கத்தில் ஒரு பல்லி முட்டை. படம் எடுத்து முறைப்பாடு கொடுத்தேன். இன்று காலை ஒருவர் வந்து, பூத்ததை வெட்டிவிட்டு, புதிய செப்பைச் சீவி, களிம்பு நிறைத்த இணைப்பான் போட்டுவிட்டுப் போனார். பதினைந்து நிமிடம். முட்டையை எடுத்து மதிலில் வைத்தார். விளக்கு இப்போது சிமிட்டவில்லை.

பெறாமகனுக்கு மடிக்கணினியில் தனிக் கணக்கு ஒன்று திறந்து கொடுத்திருக்கிறேன், நிர்வாகி உரிமை இல்லாமல். "என்னில் நம்பிக்கை இல்லையா, பெரியம்மா?" என்றான். "உன்னில் இருக்கிறது, 'அலவ்' பொத்தானில் இல்லை" என்றேன். உண்மையில் அதை அழுத்தியது நான்தான் என்பதை அவன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

எல்லோருக்கும் நன்றி. தம்பி மண்முனை, பாலத்தால் இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள்.

ஏறாவூர்ப் பொடியன் · சனி, பிற்பகல் 1.12

அண்ணா, ஒரு சின்னச் சந்தேகம். என் குரோமில் ஆகக் கீழே 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று இருக்கிறது. நான் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்.